தகரப் பெட்டிக்குள் எறா தொக்கு

கலீமுல்லா ரங்கூன் போய்விட்டு வந்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரங்கூன் வரைக்கும் போய்விட்டு வந்தான். கப்பல் துறையில் நின்றது, எல்லாரும் இறங்கினார்கள். இவன் கக்கூஸ் ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஒரு பொன் கோபுரத்தைப் பார்த்து, "ஆஹா" என்று வாயைத் திறப்பதற்குள் வயிறு மறுபடியும் கூப்பிட்டுவிட்டது. அழைத்துப்போக வந்த மாமா கரையில் நின்று குடையை ஆட்டினார். இவன் மேலிருந்து கையை ஆட்டினான். ஆட்டிய கையாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். கப்பலில் ஏறிப் பார்த்த டாக்டர் இவன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், தள்ளி நின்றார், இந்த ஆசாமி இறங்க வேண்டாம் என்று கை காட்டிவிட்டார். வந்த கப்பலிலேயே திரும்பி வந்து சேர்ந்தான். சைமன் கமிஷன் வந்து கறுப்புக் கொடி வாங்கிக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து கடல் பக்கமாகப் பிரிகிறது எங்கள் பெட்டிக்காரர் சந்து. மூக்குக்கு மீனும் காதுக்குத் தகரமும் குறைவில்லாத இடம். தகரம் தட்டுவது கலீமுல்லா வீடு. அவன் செய்யும் பெட்டியை மூடினால் காற்றுப் புகாது, எறும்பு நுழையாது. மூடியின் மேல் சிவப்பு ரோஜா எழுதிக் கொடுப்பான். எதிர் வீட்டு வஜீஹா துணி வைக்க ஒரு பெட்டி வாங்கியபோது, மூடிக்கு உள்பக்கத்திலும் ஒரு ரோஜா எழுதியிருந்தான். உள்ளே எதற்கடா பூ என்று கேட்டேன். "சாயம் மிச்சம் இருந்துச்சு, விசாலம்மா" என்றான். மிச்சமான சாயத்துக்கு இலை, காம்பு, பனித்துளி எல்லாம் இருந்தன. எனக்கு அந்த நிமிஷமே விஷயம் விளங்கிவிட்டது.

விளங்கி என்ன? அவனுடைய தாயார் அஃப்சருன்னிசாவுக்கும் வஜீஹாவின் தாயார் கைரூன்பீக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி. ஒரு நிக்காஹ் விருந்தில் அஃப்சருன்னிசா மேற்பார்வையில் தால்ச்சா தயாரானது. கைரூன்பீ அதைக் கரண்டியில் மொண்டு, உயரத் தூக்கி, திரும்பச் சட்டியிலேயே ஊற்றிப் பார்த்து, "பருப்பு எங்க ஆப்பா, ஊருக்குப் போயிருக்குதா?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டுவிட்டாள். சிரித்தவர்கள் நாலு பேர்தான். அஃப்சருன்னிசாவின் காதில் அது நானூறாக விழுந்தது.

இந்த நிலையில் சொந்தக்காரர்கள் கலீமுல்லாவுக்கு வஜீஹாவைப் பேச ஆரம்பித்தார்கள். அஃப்சருன்னிசா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டி, கரண்ட் விளக்கும் போட்டுவிட்ட ஒரு கான்ட்ராக்டர் தன் பெண்ணைக் கொடுக்கத் தயாராக இருந்தார். பிள்ளை ரங்கூனில் மாமாவின் தகரப் பெட்டிக் கடையில் சில மாதம் இருந்து வரட்டும், வந்ததும் கரண்ட் விளக்குக்குச் சம்மதம் சொல்லலாம் என்று அவள் திட்டம். கலீமுல்லாவுக்கு இது தெரியும். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் தாயின் எதிரில் ஒரு பெண்ணின் பெயரை எடுக்கமாட்டார்கள். எனவே தகரத்தைப் போட்டு அடித்தான். அந்த மாதம் செய்த பெட்டிகளில் எல்லாம் ஒரு நெளிசல் இருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். பெண் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது பெண் வீட்டிலிருந்து பிள்ளை வீட்டுக்குச் சமைத்த பண்டம் போகக்கூடாது. போய், பிள்ளை அதைச் சாப்பிட்டும் விட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். முடிப்பது பிள்ளை வீட்டார் உரிமை. பெண் வீட்டார் சட்டியைத் தூக்கிக்கொண்டு முந்தினால் அதைவிட வெட்கம் கிடையாது.

கலீமுல்லா கப்பல் ஏறுகிற அன்று சந்தே சமைத்தது. துணி மூடிய தட்டுகள் அவன் வீட்டுக்குப் போனபடி இருந்தன. தாயார் தன் பங்குக்கு ஒரு ஜாடி நிறைய உப்புக்கண்டம் வறுத்து வைத்தாள். அஃப்சருன்னிசாவின் உப்புக்கண்டத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்லிக்கொண்டிருப்பாள். கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து மொட்டை மாடியில் காயப்போட்டால், காக்கைகள்கூட மரியாதையாகத் தள்ளி உட்காரும். கெட்டுப்போனதாகச் சரித்திரம் இல்லை. எதிர் வீட்டிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. வழக்கப்படி வரவும் கூடாது.

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கைரூன்பீ வீட்டுப் பின்கட்டைப் பார்த்தபடி கட்டப்பட்டிருக்கிறது. கட்டியவர் என் மாமனார். குற்றம் சொல்வதானால் அவரைச் சொல்லவேண்டும். அன்று காலை அங்கே வஜீஹா ஒரு தூக்குச்சட்டியைப் பின்சுவருக்கு மேலாக நீட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கியவள் மீன்காரி தேவானை.

"என் பேர எடுக்கக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள் வஜீஹா.

"கடலம்மா சத்தியமா எடுக்கமாட்டேன். இன்னா கண்ணு இது? எறா வாசன கும்முனு வருது!"

"தொக்கு. இன்னிக்கே சாப்பிட்டுடணும்னு சொல்லு. நாளைக்குத் தாங்காது."

தேவானை தூக்கைக் கொண்டுபோய், தான் சமைத்ததாகச் சொல்லி அஃப்சருன்னிசாவின் கையில் கொடுத்தாள். வண்டி கிளம்புகிற நேரத்தில் கலீமுல்லாவின் காதோரம் குனிந்து, "நைனா, அது என் கையி இல்ல. எதுத்த வூட்டுக் கையி. இன்னிக்கே துன்னுடணுமாம்" என்றாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்தபோதே நினைத்தேன். "எதிர்த்த வீட்டுக் கை" என்றதோடு அவன் காது சாத்திக்கொண்டுவிட்டது. மீதி எல்லாம் வெளியே நின்றது.

பிறகு நடந்ததுதான் தெரியுமே. அவனைத் துறைமுகத்திலிருந்து ஜட்கா வண்டியில் போட்டுக் கொண்டுவந்தவன் தங்கவேல். அதே கப்பலில் கயிறு இழுக்கும் கலாசி. சந்தின் கோடியில் குடியிருப்பவன். கலீமுல்லா வண்டியிலிருந்து இறங்கினான் என்பதைவிட வழிந்தான் என்று சொல்லலாம். கழுத்து காலருக்குள் கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

அஃப்சருன்னிசா மார்பில் அறைந்துகொண்டு, "யா அல்லா, என் புள்ளைக்கு இன்னா குடுத்தீங்க?" என்று கத்தினாள்.

"எறா துன்னாரு, பீவிமா. புடிச்சிக்கிச்சு" என்றான் தங்கவேல்.

"யாரு எறா?"

"நம்ம தேவானக்கா குடுத்துச்சே, அந்தத் தூக்கு."

எப்போது தின்றான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைத் தங்கவேலும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தேவானை கூடையோடு வந்தபோது சந்தில் ஒரு கதவு திறக்கவில்லை. வஞ்சிரம், கொடுவா என்று எல்லா மீனின் பெயரையும் கூவிப் பார்த்தாள். கடைசியில் ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்து காரணத்தைச் சொல்லி, உடனே சாத்திக்கொண்டார்கள். தேவானை கூடையை அஃப்சருன்னிசா வீட்டு வாசலில் தடாரென்று இறக்கினாள். அவ்வளவு நேரம் திறக்காத கதவெல்லாம் திறந்தது. நான் அப்போதுதான் தற்செயலாக வாசல் பெருக்க வந்தேன். காலையிலிருந்து மூன்றாம் தடவை.

"இன்னா பீவிமா, என் எறா துன்னு உன் புள்ளைக்குப் பேதின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறியாமே!"

அஃப்சருன்னிசா வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். அந்த வீட்டில் ரகசியம் உருதுவில் நடக்கும். சந்துக்குத் தெரியவேண்டியது தமிழில் வரும். இது தமிழில் வந்தது. "சொல்லாம? அழுகின எறாவ ஆக்கிக் குடுத்துட்டு வாசல்ல நின்னு கூவுறியா?"

"அழுவினதா? என் கூடையிலயா? அத்த நான் ஆக்கவே இல்லன்றேன்!"

"அப்போ யார் ஆக்கினது?"

தேவானை வாயைத் திறந்தாள். சத்தியம் ஞாபகம் வந்து மூடினாள். கோபம் வந்து திறந்தாள். மறுபடி மூடினாள். கூடையில் கிடந்த மீன்களுக்கும் அவளுக்கும் அப்போது அதிக வித்தியாசம் இல்லை. எதிர் வீட்டுத் திரை லேசாக நடுங்கியது. பெண் வீட்டார் ஒளித்துச் சட்டி அனுப்பினார்கள், அதுவும் பிள்ளையைப் படுக்கையில் தள்ளுகிற சட்டி என்று வெளியே வந்தால், அஃப்சருன்னிசா அந்த நிமிஷமே தியாகராய நகருக்கு ஆள் அனுப்பிவிடுவாள். வஜீஹாவை அப்புறம் யார் வந்து கேட்பார்கள்?

உள்ளே படுத்திருந்தவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. "அம்மீ!" என்று ஒரு குரல் வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வாசலுக்கே வந்துவிட்டான். "எறா இல்லம்மா. எறா சுத்தம். கப்பல் சோறுதான்."

கூட்டத்தில் நின்ற தங்கவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா பாய் இப்படிச் சொல்லிட்டே? அதே அண்டாச் சோத்தைத்தான் நானும் துன்னேன், கப்பல் பூராத் துன்னுச்சு. கைக்கொழந்தைங்களே கல்லு மாரி கீது. எங்க சமையக்காரரு காதுல வுழுந்தா அடுத்த வாட்டி எனக்குச் சோறு போடமாட்டாரு."

"அப்போ தண்ணியா இருக்கும்."

"அந்தத் தண்ணிலதான் நீ மருந்தே குடிச்சே."

எல்லாரும் கலீமுல்லாவைப் பார்த்தார்கள். அவன் தேவானையைப் பார்த்தான், எதிர் வீட்டுத் திரையைப் பார்த்தான். வயிறும் அவசரப்படுத்தியது போலிருக்கிறது. "அப்போ... உப்புக்கண்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டான்.

சொன்னது யார்? பெற்ற பிள்ளை. எதைச் சொன்னான்? உப்புக்கண்டத்தை. அப்போது கைரூன்பீயின் வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரிதான் ஆரம்பித்தது. முடியும்போது வேறு மாதிரி இருந்தது.

அஃப்சருன்னிசாவுக்குக் கெட்ட காலம் தொடங்கியது. அவள் அன்பளிப்பாகக் கொடுத்திருந்த உப்புக்கண்ட ஜாடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒருத்தி பல் வலி என்றாள். ஒருத்தி மாமியார் விரதம் என்றாள், அவளுக்கு மாமியாரே கிடையாது. நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. என் வீட்டு ஜாடியைப் பூனைக்கு ஒரு துண்டு போட்டுப் பரீட்சை பார்த்தேன், அவ்வளவுதான். பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு துண்டு கேட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தியாகராய நகரிலிருந்து ஓர் அம்மாள் ட்ராம் பிடித்து வந்து, கான்ட்ராக்டர் வீட்டுச் சேதியைச் சொன்னாள். அவர்கள் சம்பந்தத்துக்கு இன்னும் சந்தோஷமாகவே சம்மதிக்கிறார்களாம். ஒன்றே ஒன்று: கல்யாணச் சமையலை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பண்டமும் வரவேண்டாமாம். "முக்கியமா கறி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டாள்.

அன்று பிற்பகல் அஃப்சருன்னிசா என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். எனக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி என்று அவளுக்கு ஒரு தப்பான எண்ணம். போனேன். பிள்ளையோடு ரங்கூன் வரை போய்வந்த ஜாடியை என் முன் வைத்தாள். முக்கால் ஜாடி அப்படியே இருந்தது. ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுக் கடகடவென்று மென்றாள்.

"பாத்துக்கோ விசாலம்மா. எனக்கு இன்னா ஆவுதுன்னு நீ கண்ணால பாத்துட்டுப் போ."

உட்கார்ந்து பார்த்தேன். கொல்லைப்பக்கம் போகக்கூட அவளுக்குத் தனியாக அனுமதி இல்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஏப்பம் மட்டும் வந்தது, அதுவும் ஆரோக்கியமான ஏப்பம்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா வீடு வீடாப் போய் நீ மென்னு காட்டமுடியுமா?" என்றேன்.

அப்போதுதான் அவள் பிள்ளையின் தகரப் பெட்டியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் இரண்டு பேரும் பின்னால் சாய்ந்தோம். அவனுடைய புது உடுப்பு, மாமாவுக்குக் கொண்டுபோன கைத்தறிக் கைலி, தொப்பி, எல்லாவற்றிலும் எறா. சாதாரண எறா அல்ல. வயதாகி, அனுபவப்பட்டு, ஒரு முடிவுக்கு வந்த எறா.

"பெட்டிக்குள்ள ஏன் வெச்சான்?" என்றாள் அஃப்சருன்னிசா, மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு. "காத்து புகாத பொட்டி. எறாவ இதுல பூட்டி வெப்பானா எவனாவது?"

தங்கவேலுக்கு ஆள் போயிற்று. அவன் வந்து தலையைச் சொறிந்தான். பாய் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். அஃப்சருன்னிசா ஜாடியை அவன் பக்கம் நகர்த்தினாள். இரண்டு துண்டு உள்ளே போனதும் சொல்ல ஆரம்பித்தான்.

"ஏறின அன்னிக்கே அவங்கவங்க மூட்டையத் தொறந்து துன்னாங்க. இவரு கப்பல் சோத்த வாங்கித் துன்னுட்டுப் பொட்டியத் தொறக்கறாரு. தூக்கத் தொறக்கறாரு. கண்ண மூடிக்கினு மோந்து பாக்கறாரு. மூடறாரு, பூட்டறாரு. தெனம் இதே வேல, பீவிமா! ஏதோ ரோசாப்பூவ மோக்கற மாரி. நடுக்கடலு, அடுப்பு மாரி வெயிலு. பக்கத்துல படுத்திருந்த செட்டியாரு பாயச் சுருட்டிக்கினு அந்தாண்ட போயிட்டாரு. 'பாய், நாத்தம் வருது, கடல்ல கடாசு'ன்னேன். 'உனக்கு மூக்கே இல்லடா'ன்னாரு. நாளிக்கு ரங்கூன்னு சொன்னதும், இனிமே வெச்சிக்கினு இருக்கமுடியாதேன்னு ஒரு சொட்டு வுடாம வழிச்சித் துன்னாரு. துன்னும்போது கண்ணுல தண்ணி. காரமா, வேற எதுனாவான்னு எனக்குத் தெரியாது."

அஃப்சருன்னிசா தாய்க்காரி இல்லையா, மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். தேவானையின் எறாவை இப்படி மோந்து பார்க்கக்கூடியவன் அவள் பிள்ளை அல்ல. தேவானை வரவழைக்கப்பட்டாள்.

"சொல்லிடு. அது யார் கை?"

"சத்தியம் பண்ணிக்கீறேன், பீவிமா. பேர எடுக்கமாட்டேன்" என்றாள் தேவானை. "ஆனா நான் எந்த வூட்டப் பாத்துக்கினு நிக்கிறேன்னு நீயே பாத்துக்கோ." இப்படிச் சொல்லி, பாதம் முதல் கொண்டைவரை எதிர் வீட்டுப் பக்கம் திரும்பி நின்றாள். போதாது என்று ஒரு விரலையும் நீட்டிவிட்டு, "இது சொம்மா நீட்டினேன்" என்றாள்.

இங்கேதான் அஃப்சருன்னிசா மாட்டிக்கொண்டாள். பெண் வீட்டார் திருட்டுத்தனமாகச் சட்டி அனுப்பினார்கள் என்று கூச்சல் போடலாம். கைரூன்பீ இல்லை என்றுவிட்டால்? தேவானை வாயைத் திறக்கமாட்டாள். கலீமுல்லா செத்தாலும் சொல்லமாட்டான். எறா யாருடையது என்று தெரியாதவரை, அதை ஏன் பூட்டி வைத்தான் என்பதற்குக் காரணம் இல்லை. காரணம் இல்லாவிட்டால் பழி உப்புக்கண்டத்தின் மேலேயே நிற்கும். தன் கைப்பக்குவத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், தன் பிள்ளை எதிர் வீட்டுப் பெண்ணின் மேல் பைத்தியமாக இருக்கிறான் என்று அவளே நிரூபிக்க வேண்டும்!

முக்காட்டைச் சரிசெய்தாள். "வா விசாலம்மா. சாட்சிக்கு."

கைரூன்பீ எங்களை எதிர்பார்த்தவள் போலவே பாய் விரித்து வைத்திருந்தாள். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவினாள். எனக்குப் புரியவேண்டும் என்றோ என்னவோ இரண்டு பேரும் தமிழிலேயே பேசினார்கள்.

"எங்க வூட்ல இருந்தா? தொக்கா?" கைரூன்பீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எப்படி ஆப்பா? பேச்சு நடக்கற வூட்டுக்குச் சமைச்ச பண்டம் அனுப்புவமா? நாங்க அப்பேர்ப்பட்ட குடும்பமா? உங்க உப்புக்கண்டத்துக்குத்தான் பாவம், வயசாயிடுச்சோ என்னமோ."

அஃப்சருன்னிசாவின் தாடை அசைந்தது. வந்த பதிலை விழுங்கினாள். நான் அவளை இத்தனை வருஷம் பார்க்கிறேன், ஒரு பதிலை அவள் விழுங்கிப் பார்த்தது அன்றுதான்.

"பேச்சு நடக்கற வூட்டுக்கு அனுப்பக்கூடாது, சரி" என்றாள். "பேச்சு முடிஞ்ச வூட்டுக்கு?"

கைரூன்பீயின் கையில் வெற்றிலை நின்றது. "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எப்போ?"

"கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே."

"எனக்கே தெரியாதே?"

"இப்போ தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது" என்றாள் கைரூன்பீ. வெற்றிலையை மடித்துக் கொடுத்துவிட்டு, உள்கதவுப் பக்கம் திரும்பி, "வஜீஹா! எறா தொக்கு நீ அனுப்பினியா?" என்றாள்.

கதவுக்குப் பின்னால் இருந்த பெண் வெட்கப்பட்டுக் கால் விரலால் கோலம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. "இன்னிக்கே சாப்பிடச் சொல்லித்தான் அனுப்பினேன். வெச்சு மோந்து பாக்கவா அனுப்பினேன்? கெட்டுப்போனது தெரியாதா ஒரு மனுஷனுக்கு? அந்தத் தூக்கு எங்க? அதையாச்சும் கழுவினாரா?"

இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் இனிமேல் நல்ல கையில்தான் இருப்பான் என்பதில் அவர்களுக்குள் முதல் தடவையாக அபிப்பிராய ஒற்றுமை ஏற்பட்டது. உடனே அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

"ஆனா ஆப்பா, நிக்காஹ் விருந்துக்குத் தால்ச்சா எங்க பக்கம்" என்றாள் கைரூன்பீ.

"உப்புக்கண்டம் எங்க பக்கம். ஒவ்வொரு இலையிலயும் ரெண்டு துண்டு. கட்டாயம்."

"வெச்சுக்கோங்க. திங்கறது அவங்க தைரியம்."

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்திருக்கும்போது கைரூன்பீ கேட்டாள்: "கப்பலுக்கு முன்னாடியே முடிஞ்சுதுன்னு சொன்னா சந்து நம்பணுமே? யாருக்குத் தெரியும்னு கேட்பாங்களே?"

"விசாலம்மாவுக்குத் தெரியும்" என்றாள் அஃப்சருன்னிசா. "அவ எதிர்லதான் முடிஞ்சுது."

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்ல நான் தயங்கவில்லை, ஒரு கல்யாணத்துக்காகச் சொல்லலாம். ஆனால் இது எப்படிப்பட்ட பொய்! கப்பல் கிளம்பியதிலிருந்து திரும்பி வந்தவரைக்கும், வந்த பிறகு இத்தனை கலாட்டாவிலும், ஒரு கல்யாணம் நிச்சயமான சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன் என்று அல்லவா சந்து நம்பவேண்டும்? எறா பேசியது என்றால்கூட நம்பிவிடுவார்கள்.

பயந்தபடிதான் நடந்தது. அடுத்த நாள் குழாயடியில் அஃப்சருன்னிசாவே குடத்தை இறக்கிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நிச்சயமான பெண் அனுப்பிய பண்டத்தை, ஆசையால் பிள்ளை பெட்டியில் வைத்துப் பூட்டியதையும், தினம் திறந்து மோந்து பார்த்ததையும், அழுதுகொண்டே தின்றதையும் ஒன்று விடாமல் சொன்னாள். "ஆசையால வந்த பேதி! சமையலால இல்ல! என் உப்புக்கண்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல!" உள்ளே படுத்திருந்த கலீமுல்லா கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டான் என்று கேள்வி. போர்த்திக்கொண்டு சிரித்தானாம்.

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். காற்றுப் புகாத பெட்டியை நம்பினார்கள், கண்ணீரை நம்பினார்கள். தேவானையிடம் அங்கேயே ஒருத்தி கொடுவாவுக்குப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். அப்போது அந்த தேவானையே கூடையிலிருந்து தலையைத் தூக்கி, "அது சரி, கப்பலுக்கு முன்னாடியே முடிஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"எனக்கு" என்றேன்.

"உனக்கா? தெரிஞ்சிம் நீ சொல்லாமயா இருந்தே?"

ஒரு கல்யாணம் என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, எவ்வளவு அடக்கமாக முடியுமோ அவ்வளவு அடக்கமாகத் தலையைக் குனிந்தேன்.

அஃப்சருன்னிசாதான் காப்பாற்றினாள். "சத்தியம் வாங்கியிருந்தேன்" என்றாள். "பாருங்க, ரகசியத்த உள்ள வெச்சுக்கினு எப்படி இளைச்சுப் போயிட்டா!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேலிருந்து கீழ்வரை பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அப்படி ஒன்றும் சுருக்கமான ஆள் இல்லை. கடைசியில் தேவானை பெருமூச்சு விட்டு, "ஆமா, கழுத்தாண்ட இளைச்சிக்கீது" என்றாள். நல்ல மனசுக்காரி. அன்று அவள் விலையை ஏற்றிச் சொன்ன எறாவை நான் ஒரு வார்த்தை பேரம் பேசாமல் வாங்கினேன்.

அடுத்த மாதமே நிக்காஹ். தால்ச்சாவில் கரண்டி நின்றது, அவ்வளவு பருப்பு. உப்புக்கண்டம் எல்லா இலையிலும் தீர்ந்தது. தின்னாதவர் பக்கத்தில் அஃப்சருன்னிசா போய் நின்றாளே, தீராமல் என்ன செய்யும்? அதற்கு அப்புறம் எனக்குத்தான் புதுத் தொந்தரவு. விசாலாக்ஷி வாயைக் கட்டக்கூடியவள் என்று சந்தில் பெயராகிவிட்டது. சாயங்காலம் ஆனால் ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து உட்கார்ந்து, "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். கேட்கக் கேட்க வயிறு உப்புகிறது. கலீமுல்லா பட்ட பாடு இப்போதுதான் எனக்கு நன்றாகப் புரிகிறது. மூன்றாவது வீட்டுச் சமாசாரம் ஒன்று இருக்கிறது, இரண்டு நாளாகத் தாங்கவில்லை. சற்றுக் கிட்டே வாருங்கள்.